இயற்கை நெறி எது?

ஆண்டுவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரையொன்று வேண்டும் என்று சங்கத்தார் கேட்டபொழுது, கோயிலும் கல்வெட்டும் கடல் வாணிகமுமே நம் நினைவில் முதலில் எழுந்தன. அவற்றைப் பற்றி எழுத வல்லார் நம்மிடையே பலர் உளர். ஆனால், சில ஆண்டுகளாக நம் இல்லங்களில் தாழ்ந்த குரலில் கேட்கப்பட்டு வரும் வினா ஒன்று உண்டு. அதனை வெளிப்பட எடுத்து ஆராய்வார் அரியர். ஆகவே அதனையே இவ்வாண்டின் பொருளாகக் கொண்டோம்.

ஆண் ஆணையும், பெண் பெண்ணையும் விரும்பும் இயல்பு பிறவியோடு வருவதா? அன்றிச் சமூகம் விதிக்கும் கட்டும் விலக்கும், அவற்றின் இறுக்கமும் தளர்ச்சியுமே மனிதரின் விருப்பத்தை இவ்வாறும் அவ்வாறும் வளைக்கின்றனவா? இதுவே அவ்வினா. பெண் பார்க்கத் தொடங்கிய வீட்டிலே மகன், "எனக்குத் திருமணம் வேண்டா" என்கிறான். காரணம் கேட்டால் தலை குனிந்து நிற்கிறான். பிறகு ஒருநாள் உண்மையைச் சொல்கிறான். அன்றிரவு தாயும் தந்தையும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வது என்ன? "இது பிறவியிலேயே உள்ளதா? நம் வளர்ப்பின் குறையா? ஊரைவிட்டு இங்கு வந்து குடியேறியதால் நேர்ந்ததா?" என்பதே.

மருத்துவத்திற்கும் மனநூலுக்கும் உரிய இவ்வினாவை வரலாற்று முறையில் ஆராய்வதற்குக் காரணம் உண்டு. இதற்கு விடை கண்டுவிட்டதாக எண்ணிய சட்டப் பிரிவு ஒன்று 1860 முதல் 2018 வரை நம் நாட்டின் மீது நிழல் வீசி நின்றது. அதனைப் பற்றிய வழக்கு நாம் வாழும் இத்தலைநகரிலேயே நடந்தது. கரோல்பாக்கிலிருந்தும் இராமகிருஷ்ணபுரத்திலிருந்தும் மயூர் விகாரிலிருந்தும் அலுவலுக்குச் செல்லும் நம்மவர் பலர் அந்நீதிமன்றங்களைக் கடந்தே நாள்தோறும் சென்று வந்திருக்கின்றனர்.

பேசாமலே பிறந்த சட்டம்

இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில், 1533-ஆம் ஆண்டில், ஆணோடு ஆண் கூடுதலை மரண தண்டனைக்குரிய குற்றமாக்கும் சட்டம் பிறந்தது. அதுகாறும் திருச்சபையின் மன்றங்கள் பாவமென்று விசாரித்து வந்ததை அன்றுமுதல் அரசு குற்றமென்று விசாரிக்கலாயிற்று. அக்குற்றத்திற்காக 1835-இல் இலண்டனில் இருவர் தூக்கிலிடப்பட்டனர். அந்நாட்டில் அக்குற்றத்திற்காக நிறைவேறிய கடைசி மரண தண்டனை அதுவே. எனினும் 1861 வரை அத்தண்டனை சட்ட ஏட்டில் இருந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் மெக்காலே இந்தியச் சட்டக் கமிஷனின் தலைவராக அமர்ந்து, இந்நாட்டுக்குரிய தண்டனைச் சட்டத்தின் நகலை எழுதினார். 1837-இல் அது முடிவுற்றது. குற்றங்கள் பலவற்றிற்கும் இது ஏன் குற்றம், இதற்கு ஏன் இத்துணைத் தண்டனை என்று அந்நகலின் குறிப்புரை விரிவாகக் காரணம் கூறுகிறது. இந்த ஒரு குற்றத்தைப் பற்றி மட்டும் காரணம் கூற அது மறுத்துவிட்டது. இப்பொருள் குறித்துப் பொதுமக்களிடையே விவாதம் எழுவதற்கு இடந்தரும் எதனையும் எழுத விரும்பவில்லை என்பதே அங்கே காணப்படும் கருத்து.

1860-இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டம் 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 377-ஆம் பிரிவு, இயற்கை நெறிக்கு மாறாக உடற்கூட்டம் கொள்வோருக்கு ஆயுள் தண்டனை, அல்லது பத்தாண்டு வரை சிறை என்று விதித்தது. இருவரும் வயது வந்தவர், இருவரும் மனமொப்பினர் என்பது அதன்முன் செல்லவில்லை. இயற்கை நெறியாவது யாது என்ற விளக்கமும் அதில் இல்லை. காரணமும் இலக்கணமும் கூறப்படாத ஒரு பிரிவு இவ்வாறு நம் நாட்டுச் சட்டமாயிற்று.

அதற்கு முன்னர் நம் நாட்டில் இதெல்லாம் இனிதே ஏற்கப்பட்டிருந்தது என்று கூறினால் அது மிகை. தரும நூல்களிலும் அர்த்தசாத்திரத்திலும் கண்டனம் உண்டு; பிராயச்சித்தமும் அபராதமும் உண்டு. ஆயினும் பேசாமல் மறைக்கும் வழக்கம் அந்நூல்களுக்கு இல்லை. காமசூத்திரம் தன்பாற் கூட்டத்தைப் பற்றி ஒளிவின்றிப் பேசுகிறது. நம் தொல்காப்பியம், ஆண்மை திரிந்தாரையும் பேடியரையும் உயர்திணையிலே வைத்து, அவர்களைச் சுட்டும் சொற்களுக்கு முடிபு கூறுகிறது. மாதவி ஆடிய பதினோர் ஆடல்களுள் காமன் பேடியுருக்கொண்டு ஆடியதும் ஒன்று என்பது சிலம்பு கற்றோர் அறிந்ததே. இவை பால் அடையாளத்தைப் பற்றியவை. யார்மீது விருப்பம் செல்கிறது என்பது வேறு பொருள். இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புதல் கூடாது. இப்படியும் மனிதர் உளர் என்பதைச் சொல்லக் கூசாத ஏடுகள் நம்மிடம் இருந்தன என்பதற்காகவே இவற்றை ஈண்டு எடுத்துக்காட்டினோம்.

புதிய சட்டத்தின் கீழ் வளர்ந்த தலைமுறைகளுக்கு அக்கூச்சம் எவ்வளவு ஊறிப் போயிற்று என்பதற்கு ஒரு சான்று போதும். இஸ்மத் சுக்தாய் என்னும் உருது எழுத்தாளர், கணவனால் புறக்கணிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கும் அவளுடைய பணிப்பெண்ணுக்கும் இடையிலுள்ள உறவைக் குறிப்பாகச் சுட்டி, "லிஹாஃப்" என்ற சிறுகதையை 1942-இல் வெளியிட்டார். ஆபாசம் என்று லாகூர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப்பட்டது. ஆபாசமான சொல் எது என்று கேட்டபோது, கதையிலிருந்து ஒரு சொல்லையும் சாட்சிகளால் எடுத்துக்காட்ட முடியவில்லை. வழக்கு தோற்றது. பொருளை நினைப்பதே குற்றமாகக் கருதப்பட்ட காலம் அது.

பிறவி என்ற வாதமும் அதன் கதியும்

377-ஆம் பிரிவு இங்கே நடைமுறைக்கு வந்த அதே பத்தாண்டில், நாம் எடுத்துக்கொண்ட வினா ஐரோப்பாவில் சட்ட வாதமாக உருக்கொண்டது. ஜெர்மானியச் சட்ட அறிஞரான கார்ல் ஹைன்ரிஷ் உல்ரிக்ஸ் 1864 முதல் வரிசையாகச் சிறு நூல்கள் வெளியிட்டு, இவ்விருப்பம் பிறவியிலேயே அமைவது என்று வாதாடினார். இயற்கை அமைத்ததைச் சட்டம் தண்டிக்கலாமா என்பது அவர் கேள்வி. 1867-இல் மியூனிக் நகரில் கூடிய சட்ட அறிஞர் மாநாட்டில் எழுந்து இதனைச் சொல்லத் தொடங்கினார். கூச்சலிட்டு அவரை அமர்த்திவிட்டனர்.

அவருடைய நண்பரும் எழுத்தாளருமான கெர்ட்பெனி என்பவர் வேறு வகையாக எண்ணினார். இன்று உலகெங்கும் வழங்கும் "ஹோமோசெக்ஷுவல்" என்னும் சொல்லை ஆக்கி, 1869-இல் அச்சில் ஏற்றியவர் இவரே. பிறவி என்று நிறுவுவது இருபுறமும் வெட்டும் வாள் என்று அவர் எச்சரித்தார். விருப்பம் எங்கிருந்து வந்தது என்பது சட்டத்தின் கவலையன்று. பிறருக்குத் தீங்கு உண்டா, பிறர் உரிமை பறிபோகிறதா என்பதே சட்டம் கேட்க வேண்டியது என்பது அவர் கொள்கை.

பின் நடந்தவை அவ்வெச்சரிக்கையை மெய்ப்பித்தன. பெர்லின் மருத்துவர் மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் 1897-இல் ஒரு குழுவை நிறுவி, ஜெர்மனியின் 175-ஆம் பிரிவை நீக்கக் கோரி அறிஞர் பலரின் கையொப்பம் திரட்டினார். அவரும் பிறவி என்ற கொள்கையினரே. 1919-இல் பெர்லினில் பாலியல் ஆராய்ச்சிக் கழகம் ஒன்றைத் தொடங்கினார். 1931-இல் நம் நாட்டிற்கும் வந்து சென்றார். 1933 மே 6-ஆம் நாள் நாஜிக் கூட்டத்தார் அக்கழகத்தைச் சூறையாடினர். நான்கு நாட்களுக்குப் பின் அதன் நூல்களைத் தெருவில் இட்டு எரித்தனர். 5,000 முதல் 15,000 பேர் வரை இவ்வியல்பின் பொருட்டு வதை முகாம்களில் அடைக்கப்பட்டனர் என்பது வரலாற்றாசிரியர் கணிப்பு. உடலிலே குறை இருக்கிறது, அதனை மாற்றலாம் என்ற எண்ணத்தால், 1944-இல் புகன்வால்ட் முகாமில் கைதிகளின் உடலில் ஹார்மோன் பொதிந்து சோதனை செய்தான் ஒரு மருத்துவன். உல்ரிக்ஸ் இரக்கத்தை வேண்டிக் கூறிய வாதம், இரக்கமற்றவர் கையில் கத்தியாயிற்று.

பழக்கத்தால் வருவது என்று கொண்டவர்கள் மட்டும் கருணை காட்டினார்களா? அதுவும் இல்லை. பழக்கமாயின் மாற்றிவிடலாம் என்று கருதி, மின்னதிர்ச்சியும் வாந்தி மருந்தும் கொடுத்துப் பார்த்தனர் மேலை நாட்டு மருத்துவர் பலர். இரண்டாம் உலகப் போரில் எதிரியின் இரகசியக் குறியீடுகளை உடைத்த கணித மேதை ஆலன் டூரிங், இவ்வியல்பு வெளிப்பட்டதால் 1952-இல் தண்டிக்கப்பட்டார்; சிறைக்கு மாற்றாகப் பெண்மை ஹார்மோன் ஏற்க வேண்டியவரானார்; 1954-இல் இறந்தார். இங்கிலாந்து 1967-இல்தான் தன் சட்டத்தை ஓரளவு தளர்த்தியது. அந்த இங்கிலாந்து விட்டுச் சென்ற சட்டம் நம்மிடம் பின்னும் 51 ஆண்டுகள் இருந்தது.

அறிவியல் கண்டது

இனி வினாவிற்கே வருவோம். இன்றைய அறிவியல் யாது கூறுகிறது?

வளர்ப்பின் குறை என்ற கருத்து நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தது. மகனை மிகையாகப் பிணைத்து நெருங்கி நின்ற தாயும் ஒதுங்கி நின்ற தந்தையும் காரணம் என்று 1960-களில்கூட மனநூலார் சிலர் எழுதினர். பின்வந்த ஆராய்ச்சிகள் அதற்கு வலுவான சான்று காணவில்லை. மனப்பகுப்பாய்வின் தந்தையாகிய ஃபிராய்டே, தம் மகனைப் பற்றிக் கலங்கி எழுதிய அமெரிக்கத் தாய் ஒருத்திக்கு 1935-இல் விடை எழுதியபோது, இது நோய் அன்று, வெட்கப்படத் தக்கதும் அன்று என்று ஆறுதல் கூறினார். 1957-இல் எவலின் ஹூக்கர் என்னும் அம்மையார், தன்பாலை விரும்பும் ஆடவர் 30 பேரையும் மற்ற ஆடவர் 30 பேரையும் மனநூல் முறையில் சோதித்து, பெயர் மறைத்து வல்லுநரிடம் விடைகளைக் கொடுத்தார். யார் எவ்வகையினர் என்று வல்லுநரால் பிரித்துணர இயலவில்லை. 1973-இல் அமெரிக்க மனநோய் மருத்துவர் சங்கமும், 1990-இல் உலகச் சுகாதார நிறுவனமும் இதனை நோய்ப் பட்டியலினின்றும் நீக்கின.

பிறவிக் கூறு உண்டு என்பதற்குச் சான்றுகள் உள்ளன. 1991-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், தன்பாலை விரும்பும் ஆடவரின் ஒருகரு இரட்டையருள் 52 விழுக்காட்டினரும், இருகரு இரட்டையருள் 22 விழுக்காட்டினரும் அதே இயல்பினராகக் காணப்பட்டனர். பின்னர் வந்த பெரிய ஆராய்ச்சிகளில் இத்தொகை குறைந்தது. மரபணு ஒன்றே காரணமாயின் ஒருகரு இரட்டையர் இருவரும் என்றும் ஒத்திருக்க வேண்டும்; அவ்வாறு இல்லை. 2019-இல் ஏறத்தாழ 4,77,000 பேரின் மரபணுக்களை ஆராய்ந்தவர்கள், இதற்கெனத் தனி மரபணு ஒன்றும் இல்லை என்றும், பல்லாயிரம் சிறு வேறுபாடுகள் கூடிச் சிறிதளவு காரணமாகின்றன என்றும் கண்டனர்.

மற்றொரு செய்தி தாய்மார் அறியத்தக்கது. ஒரு தாய் வயிற்றில் மூத்த ஆண் மக்கள் பலர் பிறந்திருப்பின், பின்பிறக்கும் ஆண் மகன் இவ்வியல்பினனாகும் வாய்ப்புச் சிறிது கூடுகிறது என்று 1996 முதல் பல ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. அப்போதும் மிகப் பெரும்பாலோர் பெண்ணை விரும்புவோரே. வேறு தாய் வயிற்றில் பிறந்து, ஒரே வீட்டில் தமையன்மாராக வளர்ந்தோரால் இவ்வேறுபாடு உண்டாகவில்லை என்று 2006-இல் கண்டறிந்தனர். ஆகவே காரணம் வீட்டு வளர்ப்பைவிடக் கருப்பையிலேயே இருத்தல் கூடும்.

இவற்றைக் கூட்டிப் பார்க்கின், மரபணுவும் கருப்பைச் சூழலும் இன்னும் முற்ற விளங்காத வேறு சிலவும் சேர்ந்து, மனிதர் தம் விருப்பத்தைத் தாமே தேர்ந்தெடுக்கும் முன்னரே அதனை அமைத்துவிடுகின்றன எனலாம். பெற்றோரின் கண்டிப்போ, குடிபெயர்ந்த நகரமோ இதனை விளைவிக்கிறது என்பதற்குத் தக்க சான்று இல்லை.

விலக்கு செய்யும் வேலை

அங்ஙனமாயின் சமூகத்தின் விலக்குக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு. அதனை விளங்கிக்கொள்ள நம் வீட்டு நிகழ்ச்சி ஒன்றை நினைவு கூர்வோம்.

இடக்கையால் உண்ட பிள்ளையின் கையில் பாட்டி தட்டியதும், இடக்கையால் எழுதிய மாணவன் விரலில் வாத்தியார் பிரம்பால் அடித்ததும் நம்முள் மூத்தோர் கண்டதே. மேலை நாடுகளிலும் இவ்வழக்கம் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்த அமெரிக்கருள் இடக்கையர் நூற்றுக்கு ஏறத்தாழ 3 அல்லது 4 பேரே. அடி நின்றபின், 1950-க்குப் பிறகு பிறந்தோரில் அத்தொகை ஏறத்தாழ 12 ஆயிற்று, ஆங்கே நின்றுவிட்டது. பிரம்பை எடுத்து வைத்ததால் இடக்கையர் புதிதாகப் பிறக்கவில்லை. முன்னும் பிறந்தார்கள், வலக்கையால் எழுதி மறைந்து வாழ்ந்தார்கள்.

அமெரிக்காவில் காலப் நிறுவனம் நடத்தும் கணிப்பில், தம்மைத் தன்பால் ஈர்ப்பினர், இருபால் ஈர்ப்பினர், திருநர் முதலியோர் என்று கூறிக்கொண்ட பெரியவர்கள் 2012-இல் 3.5 விழுக்காடு, 2024-இல் 9.3 விழுக்காடு. ஒரு தலைமுறைக்குள் மனித உடலின் அமைப்பு மாறிவிடவில்லை. சொல்லும் துணிவும், தன்னைச் சுட்டச் சொல்லும் கிடைத்ததே பெரிதும் காரணம் என்று கருதலாம். இடக்கை உவமை முற்றும் பொருந்தும் என்று நாம் சாதிக்கவில்லை. தன்னை எப்பெயரால் அழைத்துக்கொள்வது, யாரிடம் சொல்வது, எவ்வாறு வாழ்வது என்பவற்றைச் சமூகமே வகுக்கிறது. அவை காலத்துக்குக் காலம் மாறுவன. விலக்கு விருப்பத்தைப் படைப்பதும் இல்லை, அழிப்பதும் இல்லை, அதனை மறைக்கிறது. மறைவிலே ஒரு மகன் ஒரு பெண்ணை மணக்கிறான். அதனால் அழிவது ஒரு வாழ்வன்று, இரண்டு.

தலைநகரில் நடந்த வழக்கு

2001-இல் நாஸ் பவுண்டேஷன் என்னும் தொண்டு நிறுவனம், எய்ட்ஸ் தடுப்புப் பணிக்கு இப்பிரிவு தடையாக உள்ளது என்று தில்லி உயர்நீதி மன்றத்தில் மனுச் செய்தது. 2009 ஜூலை 2-ஆம் நாள், வயது வந்தோர் மனமொப்பித் தனிமையில் கொள்ளும் உறவைக் குற்றமென்பது செல்லாது என்று அம்மன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வழங்கிய இருவருள் ஏ. பி. ஷா அதற்கு முன் சென்னை உயர்நீதி மன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர், எஸ். முரளிதர் சென்னையில் வழக்கறிஞர் தொழில் தொடங்கியவர்.

மேல்முறையீட்டில் 2013 டிசம்பர் 11-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. இத்தகையோர் மக்கட்டொகையில் மிகச் சிறு பகுதியினர் என்றும், 150 ஆண்டுகளுக்கு மேலாக 200 பேருக்கும் குறைவாகவே வழக்குக்கு உள்ளாயினர் என்றும் அது கூறியது. அவ்வழக்கிலே உயர்நீதி மன்றத்தின் தீர்ப்பை ஆதரித்து, இவ்வியல்புடைய மக்களைப் பெற்ற தாய் தந்தையர் சிலரும் மன்றத்தின் முன் வந்தனர் என்பதை இங்கே குறித்தல் வேண்டும். பிள்ளையைக் குற்றவாளி என்னும் சட்டம், பெற்றோரையும் அஞ்சி வாழச் செய்கிறது என்பதை அவர்களே அறிவார்கள்.

2017 ஆகஸ்டு 24-ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் கூடிய அமர்வு, தனிமறைவு அடிப்படை உரிமை என்றது. 2018 செப்டம்பர் 6-ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் ஒருமனதாக, மனமொப்பிய பெரியோர் உறவை 377-ஆம் பிரிவின் பிடியினின்றும் விடுவித்தனர். இம்மக்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் வரலாறு மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டுள்ளது என்று நீதிபதி இந்து மல்ஹோத்ரா எழுதினார். பாலீர்ப்பு பிறவியியல்பே என்று கூறும் பகுதிகள் அத்தீர்ப்பில் உண்டு. ஆயினும் தீர்ப்புக்கு அடித்தளமாக நின்றவை சமத்துவமும் தனிமறைவும் கண்ணியமுமே. 1860-களில் கெர்ட்பெனி சொன்ன இடத்திற்கு நம் உச்ச நீதிமன்றம் வந்து சேர்ந்தது. தன்பாலார் திருமணத்தைச் சட்டம் ஏற்க வேண்டும் என்ற கோரிக்கையை 2023 அக்டோபர் 17-ஆம் நாள் அதே மன்றம் ஏற்கவில்லை; அதனைச் சட்டமன்றங்களின் பொறுப்பில் விட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 377-க்கு ஒத்த பிரிவு இல்லை.

நம் இல்லம்

சட்டம் விலகிவிட்டது. ஊர் வாய் விலகவில்லை. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இளம்பெண்கள் இருவரின் வழக்கு 2021-இல் சென்னை உயர்நீதி மன்றத்தின் முன் வந்தது. பெற்றோர், பெண்களைக் காணவில்லை என்று போலீசில் முறையிட்டிருந்தனர். வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளைத் தாம் இன்னும் முழுதும் உணரவில்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். மனநூல் வல்லுநர் ஒருவரிடம் சென்று மாணவனைப்போல் அமர்ந்து கேட்டறிந்தார். பெற்றோருக்கும் அத்தகைய ஆலோசனைக்கு ஏற்பாடு செய்தார். இவ்வியல்பை மாற்றுகிறோம் என்று சிகிச்சை செய்வதைத் தடுக்குமாறு அவர் 2021 ஜூன் 7-ஆம் நாள் ஆணையிட்டார். 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையை மருத்துவர் ஒழுக்கத்திற்கு மாறான செயல் என அறிவித்தது. இம்மக்களை மதிப்போடு குறிக்கும் தமிழ்ச் சொற்களின் தொகுதி ஒன்றையும் அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு வெளியிட்டது.

ஊரை விட்டு ஆயிரம் கல் தொலைவில் வாழும் நமக்கு உறவு என்பது பெரும்பாலும் இந்தக் காலனிதான். நம் பிள்ளை வாய் திறந்தால், அடுத்த வீட்டார் என்ன சொல்வார்கள், ஊரில் மாமன் என்ன சொல்வார், தங்கைக்கு வரன் அமையுமா என்ற அச்சமே நமக்கு முதலில் எழுகிறது. அவ்வச்சம் பொய்யன்று, அதனை எள்ளி நகையாடவும் நாம் விரும்பவில்லை. ஆனால், பிறவியா பழக்கமா என்று விடை கண்டபின்புதான் பிள்ளையை ஏற்பது என்று காத்திருக்கத் தேவையில்லை என்பதையே இவ்வரலாறு காட்டுகிறது. பிறவி என்றாரும் வதைத்தனர்; பழக்கம் என்றாரும் வதைத்தனர். தலை குனிந்து நிற்கும் மகனிடமோ மகளிடமோ அன்றிரவு பெற்றோர் கேட்கத் தக்கது, "சாப்பிட்டாயா?" என்பதே. மற்றவற்றை, அந்நீதிபதி செய்ததுபோல, மெல்லக் கற்றுக்கொள்ளலாம்.